மூன்று டொக்டர்மார், ஒரு கர்ப்பிணித்தாய்: எங்கே கை நழுவும்?

பட்டிருப்புச் சந்தி (கேள்வி)

களுவாஞ்சிக்குடிப் பக்கம் பின்னேரக் கிளினிக் ஒன்றை மூன்று டொக்டர்மார் சேர்ந்து தொடங்குகிறோம். ஆளுக்கு வாரத்தில் இரண்டு நாள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து கர்ப்பிணித்தாய்மார் நிறைய வருவார்கள். அவர்கள் எம்ஓஎச் (அரச சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்குக்கும் போவார்கள், விஓஜியிடமும் (மகப்பேற்று நிபுணர்) காட்டுவார்கள், இடையில் எங்களிடமும் வருவார்கள். கனடாவில் குடும்ப டொக்டர்கள் குழுவாகச் சேர்ந்து, முறை வைத்துப் பிரசவமே பார்க்கிறார்கள். இங்கே பிரசவம் ஆஸ்பத்திரியில்தான், எங்களுக்கு முன்னும் பின்னும் மட்டும். அப்படியிருந்தும் ஒரு தாயை மூன்று பேர் மாறி மாறிப் பார்க்கும்போது என்னென்ன தவறிப் போகும், எப்படி ஒழுங்கு செய்யலாம்? கம்ப்யூட்டர் சிஸ்டம் வாங்கச் சொல்லாதீர்கள். கரண்ட் போனால் அதுவும் போய்விடும்.

எழுவான்கரை

முதலில் தவறுவது ரிப்போர்ட். திங்கள் இருந்தவர் எழுதிக் கொடுத்த டெஸ்ட் வியாழன் லாப்பிலிருந்து வரும். வியாழன் இருக்கிறவர் அந்தத் தாயைக் கண்டதே இல்லை. "எழுதினவர் பார்ப்பார்" என்று மேசையில் வைத்துவிடுவார். எழுதினவரோ தாய் திரும்ப வரும்போது பார்க்கலாம் என்று இருப்பார்.

ஒரு சீஆர் கொப்பி (தடித்த மட்டைப் பதிவுக் கொப்பி) போதும். திகதி, பெயர், ஊர், இரண்டு போன் நம்பர் (ஒன்று கட்டாயம் கணவருடையதோ தாயுடையதோ), என்ன டெஸ்ட், யார் எழுதியது, யார் பார்த்தது, தாய்க்குச் சொன்ன திகதி. கடைசி இரண்டு கட்டமும் நிரம்பாத வரி "திறந்த வரி". அன்றைக்கு டியூட்டியில் இருப்பவர் கதவைப் பூட்டுமுன் திறந்த வரிகளைப் பார்க்க வேண்டும், எழுதியது யாராக இருந்தாலும். ஏழு நாள் தாண்டியும் திறந்திருந்தால் போன் எடுக்க வேண்டும். இதோடு ஒவ்வொரு தாய்க்கும் ஒரு பொறுப்பு டொக்டர். யாரும் பார்க்கலாம், ஆனால் திட்டத்தை மாற்றுவதென்றால் பொறுப்பானவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

அடுத்தது பிரசவத் திகதி. முதல் மூன்று மாத ஸ்கானில் குழந்தையின் நீளத்தை வைத்துக் குறித்த திகதிதான் கடைசி வரைக்கும். 32ஆம் வாரத்து ஸ்கான் வேறு திகதி காட்டினால் திகதியை மாற்றாதீர்கள், குழந்தை ஏன் சிறிதாக இருக்கிறது என்று யோசியுங்கள். ஆளுக்கொரு திகதி எழுதினால் வளர்ச்சி குறைந்த குழந்தை "நாள் தப்பாகக் கணக்குப் போட்டது" ஆகிவிடும். இதுதான் எனக்கு மிகப் பெரிய பயம்.

வயிற்றின் உயரமும் (கர்ப்பப்பை எவ்வளவு மேலே வந்திருக்கிறது என்று நாடாவால் அளப்பது) அப்படித்தான். மூன்று பேர் அளந்தால் 2 செ.மீ. வித்தியாசம் சும்மாவே வரும். 24 வாரத்திலிருந்து, முடிந்தவரை பொறுப்பு டொக்டரே அளக்கட்டும். நாடாவின் எண் பக்கம் கீழே இருக்க வேண்டும், அளந்தபின் திருப்பிப் பார்க்க வேண்டும். எண் கண்ணில் பட்டால் கை வாரக் கணக்குக்கு இழுத்துவிடும்.

பிரஷர்: ஒரே மெஷின், ஐந்து நிமிடம் இருத்தி வைத்து, கை நெஞ்சு மட்டத்தில். மேற்கைச் சுற்றளவு 33 செ.மீ.க்கு மேல் என்றால் பெரிய கஃப் (கையில் சுற்றும் பட்டி). சின்னக் கஃப் போட்டால் உண்மையில் இல்லாத பிரஷரைக் காட்டும். ஆட்டோமேட்டிக் மெஷின் பிரீ-எக்லாம்சியாவில் (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி வரும் ஆபத்தான நோய்) குறைத்துக் காட்டலாம், சந்தேகம் வந்தால் கையால் பாருங்கள். 140/90 வந்தால் சிறுநீரில் புரதம் பார்க்காமல் வீட்டுக்கு விடக்கூடாது. இதை மூன்று பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒருவர் 140இல் அனுப்ப, மற்றவர் 150 வரை பொறுக்க, தாய் பொறுக்கிறவர் இருக்கும் நாளாகப் பார்த்து வருவார்.

கிளினிக் கொப்பி

தம்பி, சீஆர் கொப்பி உங்களுக்கு. தாயின் கையில் இருக்கிற எச் 512 கொப்பியை (அரசாங்கத்தின் கர்ப்பப் பதிவேடு) விட்டுவிடாதேங்க. அதில் ஏ பிரதி தாயிடம், பி பிரதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் (குடும்ப நல மருத்துவிச்சி). தனியார் கிளினிக்கில் பார்த்ததைத் துண்டில் எழுதிக் கொடுத்தால் அது சேலைத் தலைப்பிலேயே போய்விடும். பிரஷர், சீனி, நீங்கள் கொடுத்த மருந்து எல்லாம் ஏ கொப்பியிலேயே எழுதுங்கள். மிஸ் வீட்டுக்குப் போகும்போது அதைத்தான் பார்ப்பா.

மருந்து இரட்டிப்பாவது இன்னொன்று. எம்ஓஎச் கிளினிக்கில் இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் சீ கொடுக்கிறார்கள். நீங்களும் கம்பெனி மாத்திரை எழுதினால் ஒன்று இரண்டு மடங்காகும், அல்லது வயிறு புரட்டி இரண்டையும் நிறுத்துவா. "மிஸ் என்ன தந்தா?" என்று முதலில் கேளுங்கள். இரும்பும் கல்சியமும் ஒரே நேரத்தில் குடிக்கக்கூடாது, இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி. இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு குடிக்கிற பழக்கம் இங்கே அதிகம், அதையும் தடுக்க வேண்டும்.

வாவிக்கரை

சீனிப் பரிசோதனை பற்றி. 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ். வெறுவயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153 மி.கி., இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகாலச் சீனி. சில லாப் மில்லிமோலில் தரும்: 5.1, 10, 8.5. எந்த அளவு என்று பார்க்காமல் கொப்பியில் ஏற்றினால் குழப்பம்தான். இரத்தத்தைச் சாம்பல் மூடிக் குழாயில் எடுக்காமல், சோதிக்காமல் வைத்திருந்தால் சீனி தானாகக் குறையும். அம்பிளாந்துறையிலிருந்து ஓடத்தில் வெறுவயிற்றோடு வருகிறவரைப் பத்து மணி வரை காக்க வைக்காமல் முதல் ஆளாக எடுத்துவிடுங்கள்.

அவசரம் வந்தால்: 160/110 என்றால் 15 நிமிடத்துக்குள் திரும்பப் பாருங்கள். குறையாவிட்டால் பிரஷர் குறைக்கும் நிஃபெடிபின் 10 மி.கி. விழுங்கக் கொடுங்கள், நாக்குக்குக் கீழே வைக்கக்கூடாது. வலிப்பு வந்தால், அல்லது கடும் தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோ இவற்றோடு பிரஷரும் ஏறியிருந்தால் வலிப்பை அடக்கும் மக்னீசியம் சல்பேட் 5 கிராம் வீதம் இரண்டு பிட்டத்திலும் ஊசி (50 வீதக் கரைசலில் ஒவ்வொன்றும் 10 மி.லீ.), இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, 1990 அம்புலன்ஸுக்கு அழைத்து, லேபர் ரூமுக்கும் போன் செய்து அனுப்ப வேண்டும். என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று கடிதத்தில் இல்லாவிட்டால் அங்கே அதே ஊசியைத் திரும்பப் போட்டுவிடுவார்கள்.

இரத்தப்போக்கு என்றால் ஸ்கானில் நச்சுக்கொடி எங்கே என்று தெரியும்வரை உள்ளே கை வைத்துப் பார்க்கக்கூடாது. காய்ச்சலோடு வந்து டெங்கு என்று சந்தேகம் வந்தால் தட்டணு குறையட்டும் என்று காத்திராமல் வாட்டுக்கு அனுப்புங்கள்.

மாரி மழையில் போக்குவரத்தையும் கணக்கில் எடுங்கள். குருமண்வெளி ஓடத்தை நம்பி மண்டூர்த் தாயை இரவில் வா என்று சொல்ல முடியாது. பட்டிருப்புப் பாலத்தாலோ மண்முனைப் பாலத்தாலோ எந்த வழி என்று கொப்பியின் முதற்பக்கத்திலேயே எழுதி வையுங்கள். திகதி கார்த்திகை, மார்கழியில் விழுகிறவர்களை முன்கூட்டியே வாட்டில் சேர்ப்பது பற்றி விஓஜியிடம் கேளுங்கள்.

பட்டிருப்புச் சந்தி

எல்லாருக்கும் நன்றி. ஒரு சின்னக் கேள்வி. திறந்த வரிகளைப் பார்க்கவும் போன் எடுக்கவும் யாருக்கும் காசு வராது. தாயைப் பார்த்தவருக்குத்தான் பீஸ் என்றால் இதை யார் செய்வார்?

எழுவான்கரை

ஒருவரும் செய்யமாட்டார். கர்ப்பிணிகளின் பீஸை மட்டும் தனி உண்டியலில் போட்டு, மாதக்கடைசியில் டியூட்டி நாளைக் கணக்கெடுத்துப் பிரியுங்கள். பொறுப்பு டொக்டருக்குத் தாய்க்கு இவ்வளவு என்று ஒரு சிறு பங்கு முதலே எடுத்து வையுங்கள். பிரசவத்துக்குப் பிறகும் அந்தப் பங்கு ஓட வேண்டும். பிள்ளை பிறந்து மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைதான் பிரஷர் உச்சத்துக்கு ஏறும், அப்போது தாய் வீட்டில் இருப்பா. யாராவது ஒருவர் போன் எடுத்துத் "தலையிடி இருக்கா?" என்று கேட்க வேண்டும்.