மெலிகைத் தொடக்கம்: பிரிட்ஜ் ஏலத்துக்கு ஒரு சொல்

வணக்கம் நண்பர்களே,

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில், வழக்கமான அளவைவிட வலு குறைந்த கையோடு (கையில் வந்த சீட்டுகளோடு) ஏலத்தைத் தொடங்குவது 'லைட் ஓப்பனிங்'. அதற்குத் தமிழில் நம் குழுவில் இதுவரை குறைபுள்ளித் திறப்பு, துணிகேள்வி, இளந்திறப்பு என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. நான் 'மெலிகைத் தொடக்கம்' என்பதை முன்வைக்கிறேன். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் ஞாயிறு மாலை பிரிட்ஜ் பழக வருபவர்களில் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். சொல் எதைக் காட்டுகிறதோ அதை வைத்துத்தான் அவர்கள் ஏலம் கேட்கிறார்கள். அதனால் எனக்கு இதில் அக்கறை அதிகம்.

ஈப்போ அண்ணன் சொன்ன 'குறைபுள்ளி' எளிதாகப் புரிகிறது. கையின் வலுவை அளக்க ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1. கட்டு முழுவதும் 40 புள்ளி. 12 இருந்தால் தொடங்கு என்பது பாலபாடம். ஆனால் முடிவைப் புள்ளி மட்டுமா எடுக்கிறது? இந்தக் கையைப் பாருங்கள்: ஸ்பேடில் ஏஸ், ராஜா, 10, 9, 4. ஹார்ட்ஸில் ஏஸ், 10, 8, 7, 3. டைமண்டில் 6, 5. கிளப்ஸில் ஒற்றை 2. புள்ளி 11தான். அமெரிக்க ஆட்டக்காரர் மார்ட்டி பெர்கன் பரப்பிய இருபது விதிப்படி, புள்ளியோடு நீளமான இரண்டு இனங்களின் சீட்டு எண்ணிக்கையைக் கூட்டி 20 வந்தால் தொடங்கலாம்; இங்கே 21 வருகிறது. தயங்காமல் ஒரு ஸ்பேடு கேட்கலாம். இன்னொரு கை: நான்கு ராணி, நான்கு ஜாக், 4-3-3-3 அமைப்பு. புள்ளி 12, கூட்டினால் 19. ஏஸும் இல்லை, ராஜாவும் இல்லை. எனக்கு வந்தால் பாஸ் சொல்லிவிடுவேன். முதல் கையைக் 'குறை' என்றால் பிள்ளைகள் அதைப் பாஸ் செய்துவிட்டு இரண்டாவதை ஆசையாகத் திறப்பார்கள்.

'துணிகேள்வி' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எவ்வளவு மெலிந்த கையில் தொடங்குவோம் என்பது ஜோடியோடு (எதிரே அமரும் கூட்டாளியோடு) முன்கூட்டியே பேசி வைத்த ஒப்பந்தம். எதிரணிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஜோடிக்கே தெரியாமல் கையைப் பற்றித் தவறான படம் காட்டுவது வேறு. அதைப் பொய்க்கேள்வி என்று வைத்துக்கொள்வோம். 'துணி' என்ற சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

'திறப்பு' வேண்டாம் என்பதற்குக் காரணம் சின்னதுதான். இங்கே மண்டபத் திறப்பு விழா ஞாபகம் வருகிறது. குழுவில் உள்ள யாழ்ப்பாண நண்பர்களுக்கோ திறப்பு என்றால் சாவி. 'தொடக்கம்' யாரையும் குழப்பாது.

மெலிகை வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல நடுவில் வல்லினம் மிகாது. 'மெலிக்கை' என்று எழுதிவிடாதீர்கள். கையையே சொல்வதால் 'மெலிகையில் தொடங்கினேன்', 'மெலிகைக்கு இரண்டாம் கேள்வி கிடையாது' என்று மேசையில் இயல்பாகப் பேசலாம்.

இருக்கையையும் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாமிட மெலிகைத் தொடக்கம், அதாவது ஏலத்தில் மூன்றாவதாகப் பேசுபவர் மெலிகையோடு தொடங்குவது, தனி வகை. ஜோடி ஏற்கெனவே பாஸ் சொல்லியாயிற்று. என்னிடம் ஸ்பேடில் ஏஸ், ராஜா, ஜாக், 10, 5; வெளியே ஒரே ஒரு ராணி; 5-3-3-2 அமைப்பு. புள்ளி 10, இருபது விதியில் தேறாது. இருந்தாலும் ஒரு ஸ்பேடு கேட்பேன். எதிரணி ஏலத்தைப் பிடித்தால் ஜோடி எந்த இனத்தில் முதல் சீட்டு இறக்குவது என்று யோசிக்க வேண்டாம். நான்காம் ஆளுக்கும் ஏலத்தில் இடம் குறைகிறது. அதே ஐந்து ஸ்பேடும் வெறும் சின்னச் சீட்டுகளாக இருந்தால் வாயைத் திறக்க மாட்டேன். தோற்றால் தண்டம் கூடும் 'வல்னரபிள்' நிலையில் இன்னும் கவனம் வேண்டும்: எதிரணி 'டபுள்' சொல்லித் தண்டத்தை ஏற்றாமலே, கேட்டதில் குறையும் ஒவ்வொரு பிடிக்கும் 50க்குப் பதில் 100 போகும். நான்காமிடத்தில் கணக்கு மாறும்; அங்கே புள்ளியோடு ஸ்பேடு எண்ணிக்கையைச் சேர்த்து 15 வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

மூன்றாமிடத்தில் மெலிகையோடு தொடங்குவது வழக்கமானால், பாஸ் சொன்ன ஜோடி நல்ல ஆதரவு இருக்கிறது என்று மூன்று கேட்கும் நிலைக்குத் தாவிவிடக் கூடாது. அதற்காகத்தான் அவர் இரண்டு கிளப்ஸ் கேட்டு, 'முழுக் கையா, மெலிகையா?' என்று விசாரிக்கும் டிரூரி முறை இருக்கிறது. இதையும் தமிழாக்கலாமே என்று கிள்ளான் தம்பி கேட்டிருந்தார். டக்ளஸ் டிரூரி என்ற ஆட்டக்காரரின் பெயரால் வந்தது அது. அப்படியே 'டிரூரி கேள்வி' என்று வைத்துக்கொள்வோம்.

மெலிகைக்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.