2020 ஊரடங்கு டெர்ஸ் விண்ணப்பம்: ஆறு பேரில் இருவர் பெயர் மட்டும் ஏறவில்லை

சாட்ஸ்வொர்த் தையல்கடை:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மாமாவின் தையல் கடைக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். 2020 மார்ச் 27 கொரோனா ஊரடங்கோடு கடையைப் பூட்டினோம். புத்தாண்டுக்கு வெட்டிய ரவிக்கைத் துணியெல்லாம் மேசையிலேயே கிடக்கிறது. வேலையாட்கள் ஆறு பேருக்கும் வேலையிழப்புக் காப்பீட்டு நிதியான யுஐஎஃப்-இன் டெர்ஸ் உதவி (ஊரடங்கில் சம்பளம் இழந்தவர்களுக்கான தற்காலிக உதவி) கேட்டு எக்செலில் சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) தயாரித்தேன். விண்ணப்பத்தில் நான்கு பேர் ஏறிவிட்டார்கள். மற்ற இருவரின் அடையாள எண் தவறாம். அட்டையைப் பார்த்து மூன்று முறை தட்டியாயிற்று. முதலில் அடையாள எண் 8.5E+12 என்று ஏதோ வந்தது; அந்தப் பத்தியை நம்பர் வடிவத்துக்கு மாற்றியதும் சரியானது. இந்த இரண்டு பேருக்கு மட்டும் என்ன கேடு?

பீனிக்ஸ் கணக்கர்:
அந்த இருவரும் சின்னப் பிள்ளைகளா? இருபதைத் தாண்டாதவர்கள்?

சாட்ஸ்வொர்த் தையல்கடை:
ஆமாம் அண்ணா! பெண் 2001, பையன் 2000. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பீனிக்ஸ் கணக்கர்:
இங்குள்ள 13 இலக்க அடையாள எண்ணில் முதல் ஆறும் பிறந்த தேதிதானே, ஆண்டு முன்னால் வரும். அந்தப் பெண்ணுக்கு 01 என்று தொடங்கும். எக்செல் அதைத் தொகை என்று எண்ணி முன்னால் நிற்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். பையனுக்கு 00 என்று தொடங்குவதால் இரண்டு பூஜ்யமோ மூன்றோ போயிருக்கும். பத்தியை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிட்டு, அப்புறம் எண்ணைத் தட்டு. முதலில் தட்டிவிட்டு வடிவத்தை மாற்றினால் போனது திரும்பாது. வங்கிக் கணக்கு எண்களையும் ஒரு கண் பார்த்துவிடு.

வெருலம் அக்கா:
ஊரடங்கில் நீங்கள் கையிலிருந்து ஏதும் சம்பளம் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் போடுங்கள். நீங்கள் கொடுத்ததும் டெர்ஸ் தொகையும் சேர்ந்து வழக்கமான சம்பளத்தைத் தாண்டக் கூடாது.

சாட்ஸ்வொர்த் தையல்கடை:
9,000 ராண்ட் வாங்கும் மாஸ்டருக்குப் பாதி கொடுத்தோம் அக்கா. 5,000 வாங்குபவர்களுக்கு ஒன்றும் முடியவில்லை.

வெருலம் அக்கா:
அப்படியென்றால் பயமில்லை. சம்பளம் கூடக் கூட, அதில் டெர்ஸ் கொடுக்கும் விகிதம் இறங்கும், 60-லிருந்து 38 சதவீதம் வரை. மாஸ்டருக்குச் சுமார் 3,850 வரும். உங்கள் 4,500-ஐச் சேர்த்தாலும் 9,000-க்குள்தான். 5,000 வாங்குபவருக்குக் கணக்குப்படி 2,400-கூட வராது, ஆனால் 3,500-க்குக் குறையாமல் கொடுக்கிறார்கள். மேலே 6,730-தான் எல்லை. 17,712-க்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் அதே தொகை. இன்னொன்று, மாதாமாதம் யுஐஎஃப்-க்கு அனுப்பும் பட்டியலில் ஆறு பேரும் இருக்கிறார்களா? சம்பளத்தில் இரண்டு சதவீதம் கட்டியது மட்டும் போதாது, பெயரும் இருக்க வேண்டும்.

சாட்ஸ்வொர்த் தையல்கடை:
பட்டியலில் இருக்கிறார்கள், இப்போதுதான் பார்த்தேன். ஆனால் பூஜ்யம் மறுபடி போய்விட்டது அண்ணா! டெக்ஸ்ட் ஆக்கித் தட்டி, சேமித்து, சரிபார்க்கலாம் என்று ஒரு தடவை திறந்தேன்...

பீனிக்ஸ் கணக்கர்:
எக்செலிலேயே திறந்தாயா? சிஎஸ்வி-யில் வடிவம் எதுவும் தங்காது. திறந்தவுடன் பழையபடி தொகையாக்கிவிடும், நீ சேமித்தால் கோப்பிலும் போய்விடும். சரிபார்க்க நோட்பேடில் திற.

சாட்ஸ்வொர்த் தையல்கடை:
நோட்பேடில் 01 அப்படியே நிற்கிறது! ஆறு பேரும் ஏறியாயிற்று. பணம் கடைக் கணக்குக்கு வருமாம். அதில் கடை வாடகை கட்டலாமா என்று மாமா கேட்கிறார்.

வெருலம் அக்கா:
வேண்டவே வேண்டாம்! அது வேலையாட்களின் பணம். வந்தவுடன் பிரித்துக் கொடுத்து, வங்கிச் சீட்டை ஆள்வாரியாக எடுத்து வையுங்கள். தணிக்கையில் கேட்பார்கள்.