கார்டிஃபுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு: வார இறுதி நடையும் கடல்நீரின் ஏற்ற வற்றமும்

விடுமுறைக்காகத் திருவொற்றியூர் வந்திருக்கிறேன். அண்மையில் பிரிட்டனில் வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் வேலைக்குச் சேர்ந்த தண்டையார்பேட்டைத் தம்பி, சனி ஞாயிறுகளில் கடைத்தெருவைத் தவிர எங்கே போவதென்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தார். பதினோரு ஆண்டுகளாக அங்கே இருப்பவன் என்ற முறையில், அவருக்கு மட்டுமல்லாமல் அவரைப் போல வந்திருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நடக்கத் தொடங்குங்கள். உடம்பு இளைப்பதற்காக வேகமாக நடப்பதைச் சொல்லவில்லை. டப்பாவில் புளிசாதம் கட்டிக்கொண்டு, நின்று நின்று வேடிக்கை பார்த்தபடி நடப்பதைச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் நடை என்றால் மொட்டைமாடியைச் சுற்றி வருவது, இல்லாவிட்டால் கண்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி எண்ணூர் விரைவுச்சாலையோரம் போவது. அலைக்குத் தடுப்பாகக் கருங்கல் கொட்டிய இடங்களில் மணலில் கால் வைக்கவும் வழியில்லை. அதனால் வேல்ஸில் ஒருவருடைய வயலின் நடுவே நடந்து போகச் சட்டமே உரிமை தருகிறது என்பதை நம்ப எனக்குச் சில மாதங்கள் ஆயின; 'யாருப்பா அது?' என்று பின்னாலிருந்து குரல் வரும் என்று எதிர்பார்த்தபடியேதான் நடந்தேன். குரல் எதுவும் வரவில்லை. நிலம் உழவருடையது என்றாலும், அதன் வழியாகச் செல்லும் பொதுப்பாதை எல்லோருக்கும் உரியது. மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடப்பவர்களுக்கான பாதை. நீல அம்புக்குறி இருந்தால் குதிரையும் சைக்கிளும் வரும். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் ஆரஞ்சு அட்டை எக்ஸ்ப்ளோரர் வரைபடம் ஒன்றை வாங்கிக்கொண்டால், 4 சென்டிமீட்டருக்கு 1 கிலோமீட்டர் என்ற அளவில் இந்தப் பாதைகள் எல்லாம் பச்சைக் கோடுகளாகத் தெரியும். வேலிக் கதவு திறந்திருந்ததோ மூடியிருந்ததோ, அப்படியே விட்டுச் செல்லுங்கள். கன்றோடு நிற்கும் மாட்டைச் சுற்றிப் போங்கள். அங்கத்திய மாடுகள் நம் தெரு மாடுகளைப் போல மனிதர்களுக்குப் பழகியவை அல்ல.

முதல் நடைக்குப் பக்கத்துக் கடலோர ஊரான பெனார்த் போதும். கார்டிஃபிலிருந்து ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடற்கரையில் 1895இல் திறந்த பழைய பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டு நிற்கும். அங்கிருந்து குன்றின் மேலாகத் தெற்கே போகும் பாதை, 2012இல் திறக்கப்பட்ட 1,400 கிலோமீட்டர் வேல்ஸ் கடலோரப் பாதையின் ஒரு துண்டு. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் சென்றால் லாவர்னாக் முனை. எதிரே தெரியும் ஃபிளாட் ஹோம் தீவுக்கும் இந்த முனைக்கும் இடையில்தான் 1897 மே மாதம் மார்க்கோனி, திறந்த கடலைத் தாண்டிய முதல் கம்பியில்லாச் செய்தியைப் பரிமாறினார். அங்குள்ள சிறிய தேவாலயத்தின் சுற்றுச்சுவரில் அதற்கான கல்வெட்டைப் பார்க்கலாம். குன்றின் விளிம்புக்கோ அடிவாரத்துக்கோ போகாதீர்கள், பாறை சரியும்.

இனிச் சொல்வதைக் கடலோரத்தில் பிறந்தவர்கள் கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டும், ஏனெனில் 'கடல் எனக்குத் தெரியாதா' என்ற துணிவில் மாட்டிக்கொண்டவன் நான். லாவர்னாக்குக்கு அப்பால் சல்லி என்றொரு சிறு தீவு இருக்கிறது. நீர் வற்றும்போது பாறைத்திட்டு வெளிப்பட்டுக் கரையோடு சேர்ந்துவிடும். சில மணி நேரத்தில் மறுபடி தீவாகிவிடும். முதல் ஆண்டில் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டுப் புல்லில் படுத்திருந்தேன். எழுந்து வந்தபோது அலை என்று எதுவும் இல்லை, இரைச்சலும் இல்லை. திட்டின் இரு பக்கமிருந்தும் பழுப்பு நிற நீர் பாசியை மெல்லத் தூக்கியபடி நடுவை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. கணுக்கால் அளவு நீரில் வழுக்கி வழுக்கிக் கரை சேர்ந்தேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது நான் வந்த வழியே இல்லை.

சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வேறுபாடு ஏறக்குறைய 1 மீட்டர்தான். கார்டிஃபை ஒட்டிய கடற்பகுதியான பிரிஸ்டல் கால்வாயில் அது 12 மீட்டரையும் தாண்டும். காசிமேட்டில் நாற்பது ஆண்டு கடலுக்குப் போன பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "நாலு மாடி ஒசரமா? கத உடாதடா" என்றார். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்த ஒரு கணக்கு அங்கும் செல்லும்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிகுதியாக ஏறி மிகுதியாக வற்றும். ஆகவே ஊரிலிருந்து கொண்டுபோன தினசரி நாட்காட்டியைச் சமையலறையில் மாட்டி வையுங்கள். அதை மட்டும் நம்பாமல், புறப்படும் முன் அந்த இடத்துக்கான ஏற்ற வற்ற நேர அட்டவணையையும் பாருங்கள். நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். சிக்கிக்கொண்டால் நீந்த முயலாமல் அவசர உதவி எண்ணான 999ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டை, அதாவது கடலோர மீட்புப் படையைக் கேளுங்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுவதால், அந்த மாதங்களில் காலையிலேயே கிளம்புங்கள்.

அம்மா வந்தால் எங்கே கூட்டிப்போவது என்றும் தம்பி கேட்டிருந்தார். வயல்வெளிப் பாதைகளில் வேலியைத் தாண்ட மரப்படி வைத்திருப்பார்கள். சேலையோடு அதில் ஏறி இறங்குவது பெரும்பாடு. அவர்களைக் கார்டிஃப் விரிகுடாத் தடுப்பணைக்கு அழைத்துப் போங்கள். 1 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான சமதளப் பாதை. ஒரு பக்கம் நன்னீர், மறுபக்கம் ஏறி இறங்கும் கடல். மீன்கள் ஆற்றுக்கு ஏறிப் போகவென்று அணையில் தனி வழி கட்டியிருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் அங்கே நெடுநேரம் நின்றுவிடுவார்கள். திரும்பும் ரயிலை அதற்கேற்பப் பார்த்துக்கொள்ளுங்கள்.