புக்கிட் கியாரா பாதைகளுக்கு எந்த ஃபோர்க்?

செந்தூல்வாசி: கோலாலம்பூரின் புக்கிட் கியாராவில் வேர் நிறைந்த பாதைகளில் கைகள் மரத்துப்போவதால், என் 29 அங்குல மலை மிதிவண்டியின் 100 மி.மீ. வரை அமிழும் சுருள்வில் ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் கவையை) மாற்றி 140 மி.மீ. காற்று ஃபோர்க் பொருத்தலாமா, நண்பர்களே?

கிள்ளான் அண்ணன்: 140 வேண்டாம், தம்பி. முன்பக்கம் உயர்ந்து, தலைக்குழாயின் (ஃபோர்க் பொருந்தும் சட்டத்தின் முன்குழாய்) கோணம் ஏறத்தாழ 2 பாகை சாய்ந்து, சட்டத்தின் மீது அதிகச் சுமை விழும் என்பதால், உற்பத்தியாளர் அனுமதித்தால் 120 மி.மீ. அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சேற்றுச் சக்கரம்: ஸ்டீயரர் குழாய் (தலைக்குழாய்க்குள் நுழையும் ஃபோர்க்கின் மேல்தண்டு) நேரானதா, அடியில் 1.5 அங்குலமாக விரிவதா என்று முதலில் அளந்து பாருங்கள். முன்சக்கர அச்சு 9 மி.மீ.யா, 15 மி.மீ.யா என்று பாராமல் வாங்கிய நான், புதிய முன்சக்கரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தேன்!

செந்தூல்வாசி: நன்றி, அண்ணா. சட்டத்தின் கையேட்டில் 120 வரை அனுமதி உள்ளது; அதையே வாங்குகிறேன்.

கிள்ளான் அண்ணன்: காற்றழுத்தத்தை உங்கள் எடைக்கேற்ப அமைத்து, ஏறி அமரும்போது ஃபோர்க் ஐந்தில் ஒரு பங்கு அமிழ்கிறதா என்று பாருங்கள்.