10 நிமிட உரை: மனப்பாடம் செய்தால் பாதியில் நின்றுபோகிறது, எப்படித் தயாரிப்பது?

புதுமேடை கேட்டது:

வணக்கம். இன்னும் மூன்று வாரத்தில் சுமார் 150 பேர் இருக்கும் அரங்கில் 10 நிமிடம் பேச வேண்டும். தலைப்பு கை கழுவுதல். கேட்க வருபவர்கள் பொதுமக்கள். மருத்துவம் படித்தவர்கள் இல்லை. 1,400 சொற்களில் முழு உரையும் எழுதியாகிவிட்டது. மனசுக்குள் படித்தால் 7 நிமிடம். வாய்விட்டுப் படித்தால் 15 நிமிடம் ஆகிறது. மனப்பாடம் செய்து சொல்லும்போது எங்காவது ஒரு சொல் விட்டுப்போனால் அதோடு எல்லாமே நின்றுவிடுகிறது. பேசாமல் தாளைப் பார்த்தே வாசித்துவிடலாமா? மைக் பிடிப்பது, பதற்றம் இரண்டையும் பற்றிக்கூடச் சொல்லுங்கள்.

---

வினைமுற்று எழுதியது:

முதலில் நேரக் கணக்கு. 1,400 சொல்லுக்கு 15 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 93 சொல். உங்கள் வேகத்தில் பிழையே இல்லை. நிமிடத்துக்கு 130, 150 சொல் என்று பல இடங்களில் போட்டிருப்பது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழில் வேற்றுமை உருபு, துணைவினை, 'உம்' எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' என்பது நமக்கு ஒரே சொல். அந்தக் கணக்கை நம்பி எழுதினால் உரை எப்போதும் நீண்டுதான் போகும்.

10 நிமிடம் கொடுத்தால் எட்டரை நிமிடத்துக்குத் தயாரியுங்கள். மேடையேறுவது, மைக் சரிசெய்வது, கேட்பவர்கள் சிரித்து முடிக்கக் காத்திருப்பது எல்லாம் மீதி நேரத்தை எடுத்துக்கொள்ளும். 93 சொல் வீதம் பார்த்தால் சுமார் 800 சொல். அதாவது 600 சொல் வெளியே போக வேண்டும். வரிக்கு இரண்டு சொல்லாகக் கிள்ளாதீர்கள். அப்படிச் சுருக்கினால் எல்லாம் இருக்கும், எதுவும் விளங்காது. ஒரு கருத்தை முழுதாகத் தூக்குங்கள்.

எதைத் தூக்குவது? கேட்டு முடித்தவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். அதில் வினைச்சொல் இருந்தே ஆக வேண்டும். 'கை கழுவுதலின் முக்கியத்துவம்' என்பது தலைப்பு. 'சாப்பிடும் முன்பும் கழிப்பறை போய் வந்த பின்பும் சோப்பு போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும்' என்பது நோக்கம். இந்த வாக்கியத்துக்கு உதவாத பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். தயாரிப்பில் மிகவும் வலிக்கிற வேலை இதுதான். பலரும் தவிர்ப்பதும் இதைத்தான்.

மிஞ்சியதைத் தோராயமாக இப்படிப் பிரிக்கலாம்: தொடக்கம் ஒரு நிமிடம், மூன்று கருத்துக்கு இரண்டிரண்டு நிமிடம், முடிவு ஒரு நிமிடம். ஏன் கழுவ வேண்டும், கையில் எந்த இடம் விட்டுப்போகிறது (கட்டைவிரல், விரல் நுனி, விரலிடுக்கு), 20 விநாடி ஏன். கேட்பவர் மனதில் கேள்வி எழும் வரிசையும் இதுதான்.

வணக்கம் ஒரு வரி போதும். அடுத்த நொடியே 'எல்லோரும் கை கழுவுவதுபோல் தேய்த்துக் காட்டுங்கள், நான் சொல்லும்போது நிறுத்துங்கள்' என்று சொல்லிவிட்டு 20 விநாடி கடிகாரத்தைப் பாருங்கள். பலர் பாதியிலேயே நிறுத்திவிட்டு உங்களைப் பார்ப்பார்கள். 20 விநாடி எவ்வளவு நீளம் என்று அவர்கள் கையே சொல்லிவிடும். அதன்பிறகு அரங்கம் உங்களோடு வரும்.

'ஏன்' பகுதிக்கு ஒரு சான்று போதும். 1847இல் வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்கும் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். அவருடைய பிரிவில் ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மார் இறப்பு, ஜூனில் நூற்றுக்கு இரண்டளவுக்கு இறங்கியது. மேடையில் '18.3 சதவீதம்' என்று சொல்லாதீர்கள். 'நூறு தாய்மாரில் பதினெட்டுப் பேர்' என்றால் காது பிடித்துக்கொள்ளும். புள்ளிக்குப் பின்னால் வரும் எண் கண்ணுக்கானது.

அடுத்தது மொழிநடை. தமிழில் வினை கடைசியில் வருகிறது. படிப்பவர் வேண்டுமென்றால் திரும்பிப் போய்ப் படிக்கலாம், கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. வினைமுற்று வரும்வரை முன்னால் வந்த அத்தனையையும் மனதில் சுமக்க வேண்டும். இதைப் பாருங்கள்:

'சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் பற்றும் தன்மை கொண்டிருப்பதால், தோலின் எண்ணெய்ப் பசையோடு ஒட்டியிருக்கும் கிருமிகள் நீரோடு சேர்ந்து அகற்றப்படுகின்றன.'

கட்டுரைக்குச் சரி. மேடைக்கு இப்படி: 'சோப்புக்கு ரெண்டு முனை. ஒண்ணு தண்ணியைப் பிடிக்கும். இன்னொண்ணு எண்ணெயைப் பிடிக்கும். கையில கிருமி ஒட்டியிருக்கிறது அந்த எண்ணெய்ப் பசையிலதான். சோப்பு பசையைப் பேர்த்தெடுக்கும், தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிடும்.' முழுக்கப் பேச்சுத்தமிழா, இடைப்பட்ட நடையா என்பது உங்கள் விருப்பம். வரிக்கு ஒரு வினை, ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் போகாமை, இரண்டையும் விடாதீர்கள்.

மனப்பாடம் ஏன் அறுகிறது என்றால், சொல்லுக்குச் சொல் பிடிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் முந்தைய சொல்தான் கொக்கி. ஒரு கொக்கி கழன்றால் சங்கிலி மொத்தமும் விழும். ஆகவே முதல் இரண்டு வாக்கியம், கடைசி இரண்டு வாக்கியம், எண்கள், பெயர்கள் இவற்றை மட்டும் சொல் மாறாமல் மனப்பாடம் செய்யுங்கள். மற்றதைக் கருத்தாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில் சொல்லுங்கள். ஐந்து கெட்டி அட்டை, அஞ்சலட்டை அளவு, ஒன்றில் ஆறு ஏழு குறிச்சொல், பெரிய எழுத்து, மூலையில் எண். மெல்லிய தாள் வேண்டாம். கை லேசாக நடுங்கினாலும் தாள் அதைப் பெரிதாக்கிக் காட்டும்.

ஒத்திகையை ஒரே நாளில் பத்து முறை செய்வதைவிட ஐந்து நாளுக்கு நாளொன்றுக்கு இரண்டு முறை செய்வது மேல். இடைவெளி விட்டுக் கற்றது நிலைக்கும் என்பதை உளவியலாளர் எபிங்காஸ் 1885லேயே சோதித்துக் காட்டிவிட்டார். நின்றுகொண்டு, முழுக் குரலில், டைமர் வைத்துச் செய்யுங்கள். சில நாள் மூன்றாம் அட்டையிலிருந்து தொடங்குங்கள். எப்போதும் முதலிலிருந்தே தொடங்குகிறவருக்கு முதல் பகுதி மட்டும் பளபளக்கும், பின்பகுதி பச்சையாகவே இருக்கும்.

---

நிறுத்தற்குறி எழுதியது:

மேலே சொன்னது சரி. ஆனால் தாளைப் பார்த்து வாசிப்பதை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். ஒரு சொல் மாறினாலும் பொருள் மாறும் இடங்களில், அதாவது அதிகாரப்பூர்வ அறிக்கை, இரங்கல் உரை போன்றவற்றில், வாசிப்பதே முறை. அப்போது எழுத்து 18 புள்ளிக்குக் குறையாமல், வரி இடைவெளி இரண்டு மடங்காக, தாளின் மேல் மூன்றில் இரண்டு பங்கில் மட்டும் அச்சடியுங்கள். அடிவரை அச்சடித்தால் தலை குனிந்துகொண்டே போகும், குரலும் கூடவே இறங்கும். வாக்கியம் அடுத்த பக்கத்துக்கு உடையக் கூடாது. தாள்களைப் பின் போட்டு இணைக்காதீர்கள், படித்த தாளைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள்.

நிறுத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். 'வந்து', 'அதாவது', 'என்னன்னா' இவையெல்லாம் அடுத்த கருத்து வரும்வரை வாய் சும்மா இருக்க மறுப்பதால் வருபவை. 'சொல்லக் கூடாது' என்று நினைப்பதால் போகாது. வாக்கியம் முடிந்ததும் உதட்டை மூடி மூக்கால் மூச்சிழுக்கப் பழகுங்கள். உதடு மூடியிருக்கும்போது 'வந்து' வராது. முக்கியமான வரிக்குப் பின் இரண்டு மூன்று விநாடி விடுங்கள். பேசுபவருக்கு அது யுகமாகத் தெரியும், கேட்பவருக்கு இயல்பாக இருக்கும். பதிவு செய்து கேட்டால் புரியும்.

இன்னொன்று. மூச்சு தீரும்போது வாக்கியத்தின் கடைசிச் சொல் தேயும். தமிழில் அந்தக் கடைசிச் சொல்தான் வினை, எதிர்மறையும் அங்கேதான். 'கழுவ வேண்டும்', 'கழுவ வேண்டாம்' இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி அசையில் இருக்கிறது. அதை விழுங்கினால் பின்வரிசைக்கு எதுவும் போய்ச் சேரவில்லை என்று பொருள். மூச்சு எடுக்கும் இடத்தை அட்டையில் சாய்கோடாகப் போட்டு வையுங்கள்.

---

ஒலிவாங்கி எழுதியது:

மைக் மட்டும் சொல்கிறேன். கையில் பிடிக்கும் மைக் என்றால் வாயிலிருந்து 5 முதல் 10 செ.மீ., அதாவது நடுவில் ஒரு கைமுட்டி அளவு. தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். தலையைத் திருப்பும்போது மைக் கூடவே திரும்பாவிட்டால் பாதி வாக்கியம் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான். நேராக வாய்க்கு முன்னால் வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று 'டப்' என்று அடிக்கும். சற்றுக் கீழிருந்து சாய்வாகப் பிடியுங்கள்.

வலைத் தலையைக் கையால் மூடிப் பிடிக்காதீர்கள். இந்த வகை மைக் முன்பக்க ஒலியை மட்டும் எடுக்கும்படி செய்யப்பட்டது; தலையைப் பொத்தினால் எல்லாப் பக்கமும் எடுக்கத் தொடங்கி 'கீ...' என்று கத்தும். அப்படிக் கத்தினால் ஸ்பீக்கரின் முன்னாலிருந்து விலகுங்கள், மைக்கை ஸ்பீக்கர் பக்கம் நீட்டாதீர்கள். சட்டையில் மாட்டும் மைக் என்றால் தாடைக்குக் கீழே ஒரு சாண், நடு மார்பில். சங்கிலி, துப்பட்டா உரசாத இடமாகப் பாருங்கள். சோதிக்கும்போது 'ஹலோ ஹலோ' வேண்டாம். உரையின் முதல் வரியை, பேசப்போகும் அதே குரலில் சொல்லுங்கள். ஒலியமைப்பவருக்குத் தேவை அந்தக் குரல்தான்.

---

கடைசி வரிசை எழுதியது:

பேச்சின் தாக்கத்தில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று சொல்கிறார்களே. அப்படியானால் உரையின் வாசகத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

---

வினைமுற்று எழுதியது:

அந்த எண்கள் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ரபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தவை. தனிச்சொல்லை வெவ்வேறு தொனியில் கேட்க வைத்தும், முகப் படங்களைக் காட்டியும், பேசுபவருக்கு விருப்பா வெறுப்பா என்று கேட்டார்கள். உணர்ச்சியும் சொல்லும் முரண்படும்போது மக்கள் எதை நம்புகிறார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று மெஹ்ரபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். '20 விநாடி' என்ற செய்தியை எந்தக் கையசைவாலும் சொல்லிவிட முடியாது. வாசகத்தில் உழையுங்கள்.

---

நிதானம் எழுதியது:

பதற்றத்துக்கு: படபடப்பு, வாய் உலர்வது, உள்ளங்கை வியர்ப்பது எல்லாம் அட்ரினலின் வேலை. அதை நிறுத்த முயன்று தோற்பதுதான் பதற்றத்தை ஏற்றுகிறது. 2014இல் அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் 'அமைதியாக இருக்கிறேன்' என்று தனக்குச் சொல்லிக்கொண்டவர்களைவிட 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். பதற்றம், உற்சாகம் இரண்டிலும் நெஞ்சு வேகமாகத்தான் அடிக்கும். பெயரை மாற்றுவது எளிது.

மேடைக்கு முன் நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், ஐந்தாறு முறை. வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். ஆழமாக வேகவேகமாக இழுத்தால் தலைசுற்றும். தண்ணீர் அறை வெப்பத்தில் இருக்கட்டும், சிறு மடக்காகக் குடியுங்கள். முட்டியை விறைத்துப் பூட்டி நிற்க வேண்டாம். லேசாகத் தளர்த்தினால் கால் நடுக்கம் அடங்கும். பார்வைக்கு அரங்கை இடம், நடு, வலம் என்று பிரித்து, ஒரு வாக்கியம் முடியும்வரை ஒரே முகத்தைப் பார்த்துச் சொல்லி முடித்துவிட்டு அடுத்த முகத்துக்குப் போங்கள். தலைகளுக்கு மேலே சுவரைப் பார்க்கச் சொல்வார்கள். கேட்கவே கேட்காதீர்கள்; யாரோடும் பேசாதவர்போல் தெரியும், குரலும் தட்டையாகிவிடும்.

---

புதுமேடை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நோக்க வாக்கியத்தை வைத்துப் பார்த்தபோது சானிடைசர் பற்றிய பகுதி முழுதாக வெளியே போய்விட்டது. இப்போது 820 சொல். வாய்விட்டுச் சொன்னால் 8 நிமிடம் 50 விநாடி. இரண்டு சந்தேகம். எனக்கு முன்னால் பேசுபவர் நேரத்தை எடுத்துக்கொண்டு, '5 நிமிடத்தில் முடியுங்கள்' என்று சொன்னால்? நடுவில் சுத்தமாக மறந்துபோனால்?

---

வினைமுற்று எழுதியது:

வேகமாகப் பேசி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். வெட்டும் இடத்தை இப்போதே முடிவு செய்யுங்கள். இரண்டாம், மூன்றாம் கருத்துகளின் அட்டைகளில் ஒரு மூலையில் சிவப்பு அடையாளம் போடுங்கள். நேரம் குறைந்தால் அந்த இரண்டையும் உருவிப் பைக்குள் வைத்துவிட்டுத் தொடக்கம், முதல் கருத்து, முடிவு மூன்றை மட்டும் முழுமையாகச் சொல்லுங்கள். நான்கரை நிமிடத்துக்குள் வரும். 20 விநாடிப் பயிற்சி தொடக்கத்திலேயே இருப்பதால் முக்கியச் செய்தி தப்பிவிடும். 'நேரம் இல்லாததால் விட்டுவிடுகிறேன்' என்று அறிவிக்க வேண்டாம். நீங்கள் சொல்லும்வரை எதுவும் குறைந்ததாக யாருக்கும் தெரியாது. இந்தச் சுருக்க வடிவத்தையும் இரண்டு முறை ஒத்திகை பாருங்கள்.

மறந்துபோனால், கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை வேறு சொற்களில் மெதுவாக இன்னொரு முறை சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே அட்டையைப் பாருங்கள். வலியுறுத்துவதாகத்தான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். அப்போதும் பிடிபடாவிட்டால் அடுத்த அட்டைக்குப் போய்விடுங்கள், மன்னிப்புக் கேட்க வேண்டாம். முடிவு அட்டை மட்டும் எப்போதும் கைக்குக் கிடைக்க வேண்டும். அதை வேறு நிறத்தில் எழுதி அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.