எடை குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் நம் ஊர்ச் சாப்பாடு: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். தக்கலை அருகே வசிக்கும் என் அக்காவுக்கு, இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றும் 'ஸ்லீவ்' அறுவைச் சிகிச்சை அடுத்த மாதம் நடக்கவிருக்கிறது. கல்லீரலின் கொழுப்பு குறைந்தால் லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) எளிதாகும் என்பதால், முந்தைய இரண்டு வாரங்கள் மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கிழங்கு மயக்கியதும் (மசித்த மரவள்ளிக்கிழங்கு) சாளை மீன் கறியும், மாலையில் பழம்பொரியும் என்று பழகிய வீட்டில் இதுவே பெரும்பாடாக இருக்கிறது.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் நீராகாரம், கூழ்பதம், மென்மையான உணவு என்று படிப்படியாகச் செல்ல வேண்டுமாம். கொடுத்த அட்டவணையிலோ ஓட்ஸும் பனீரும்தான் இருக்கின்றன. கடலோர மாவட்டத்துக்காரர்களுக்கு மீனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்கிறார்கள். சில கரண்டிகளிலேயே வயிறு நிறைந்துவிடும் நிலையில், முள் நீக்கி மசித்த மீன், சிறுபயறு, முட்டை ஆகியவற்றைக் கொண்டே அந்த அளவை எட்டினீர்களா, அல்லது புரத மாவு வேண்டியிருந்ததா? தேங்காய் அரைத்த குழம்பு எந்தக் கட்டத்தில் ஒத்துக்கொண்டது? சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல், அரைமணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும் என்பதால், சோற்றில் ரசம் விட்டுச் சாப்பிடுவதை அடியோடு நிறுத்தினீர்களா?

வைட்டமின் பி12, இரும்புச்சத்து, கால்சியம் குறித்து மருத்துவரே விளக்கிவிட்டார். நான் கேட்பது அடுப்படி விஷயம் மட்டுமே. கல்யாணப் பந்தியில் இலையில் மிச்சம் வைத்தால் முகம் வாடும் சொந்தக்காரர்களை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்; அக்காவின் முதல் கவலை அதுதான்.