கம்போடியாவில் நடனம், கூத்து பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வேலை விஷயமாகப் புனோம் பென்னில் ஆறு வாரம் இருந்தேன். தங்கியிருந்த வீட்டுக்காரரின் மகள் நடனம் படிப்பவள், ஒரு நாள் காலை வகுப்புக்கு என்னையும் கூட்டிப்போனாள். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து விரல்களைப் பின்பக்கமாக வளைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை ஒவ்வொருவராகப் போய் முழங்கையைத் திருத்தினார், முதுகை நிமிர்த்தினார், வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். 1975இல் ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிசப் படை ஊரையே காலி செய்தபோது அவர் இளம் ஆட்டக்காரி. அரண்மனை நடனம் தெரியும் என்று வெளியே தெரிந்தால் உயிர் தங்காது என்பதால் சந்தையில் காய்கறி விற்றவள் என்றே நான்கு வருடமும் சொல்லிக்கொண்டாராம், இரவில் படுத்தபடி விரல்களை மட்டும் அசைத்துப் பார்ப்பாராம்.

அந்தக் காலத்தில் பத்தில் ஒன்பது கலைஞர்கள் மாண்டுபோனார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். 1979இல் அந்த ஆட்சி வீழ்ந்த பிறகு மிஞ்சியவர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து, உனக்கு இந்த அடி ஞாபகம் இருக்கிறதா, அடுத்து என்ன வரும் என்று கேட்டுக் கேட்டுத்தான் மீட்டிருக்கிறார்கள்.

அன்று மாலை அதே இடத்தில் பெரிய பெண்கள் வேறொன்றை ஒத்திகை பார்த்தார்கள். கிரீடமில்லை, பட்டில்லை, சாதாரணக் கால்சட்டைதான். கை முத்திரை பழையதாகவே இருக்க, உடம்பு மட்டும் தரையில் விழுந்து புரண்டு எழுகிறது. பாட்டியம்மா கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். பிடித்திருக்கிறதா என்று வீட்டுக்காரர் மகள் மூலமாகக் கேட்டதற்கு, "கை சரியாக இருக்கிறது" என்றார். அவ்வளவுதான்.

பதில்:
அக்கா, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. புதிதாகச் செய்கிறவர்கள் பழையதைக் கெடுக்கிறார்கள் என்பவர்களுக்கு நான் நடன அமைப்பாளர் சோஃபிலின் சியாம் ஷாபிரோவைத்தான் காட்டுவேன். கெமர் ரூஜ் வீழ்ந்த பிறகு கவின்கலைப் பள்ளியில் பயின்று வந்த முதல் தலைமுறைக்காரர். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ கதையைக் கெமர் செவ்வியல் நடனமாக்கினார், 2006இல் மோசார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' இசைநாடகக் கதையைப் 'பாமினா தேவி' ஆக்கினார். இலக்கணம் முழுக்கக் கைவந்த ஒருவரால்தான் அது முடியும். அப்புறம், சியெம் ரீப் போனால் ஃபாரே சர்க்கஸை விடாதீர்கள். அகதி முகாமிலிருந்து திரும்பிய இளைஞர்கள் 1994இல் பாட்டம்பாங்கில் தொடங்கிய கலைப்பள்ளியின் பிள்ளைகள் ஆடுகிறார்கள். நான் இரண்டு இரவு போனேன்.

பதில்:
நான் பார்த்தது மேடையில் அல்ல. புனோம் பென்னிலிருந்து மீகாங் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாட் ஸ்வாய் அண்டெட் என்ற விகாரையில், ஏப்ரல் புத்தாண்டு முடிந்ததும் லக்கோன் கோல் என்னும் முகமூடிக் கூத்து நடக்கும். ராமாயணக் கதைதான், அவர்கள் ரீம்கெர் என்பார்கள். ஆனால் நமக்குத் தெரியாத ஒரு கட்டம் அதில் உண்டு: கும்பகர்ணன் ஆற்றின் குறுக்கே படுத்துத் தண்ணீரை மறித்துவிடுகிறான்! நீரை விடுவித்தால்தான் மழை, அதற்குப் பிறகுதான் நெல். கம்பனில் தூங்கிய அவனை இங்கே அணையாகப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது.

2018இல் யுனெஸ்கோ இதை அவசரமாகக் காக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. பிள்ளைகள் பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போவதுதான் பெரிய கவலை என்றார் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். சொல்லிக்கொண்டே, குரங்கு வேடத்தில் ஓடிவந்த தன் பேரனின் முகமூடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டி அனுப்பினார்.